கேமராவுக்குப் போய்த் திரும்பினால் ஆர்டர் காணாமல் போகிறதே!

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டர் போட, ஃபிளட்டர் என்ற ஆப் எழுதும் கருவியில் ஒரு ஆப் செய்து வாங்கினோம். டிசைன், அளவு, டச் (வெள்ளியின் சுத்தம்), ஜோடி என்று நான்கு ஸ்கிரீன். எல்லாம் நிரப்பிவிட்டு மாதிரியைப் போட்டோ எடுக்கக் கேமராவுக்கோ, முன்பணம் கட்ட யுபிஐ ஆப்புக்கோ போய்த் திரும்பினால், சிலருக்கு முதல் ஸ்கிரீன் காலியாக வந்து நிற்கிறது. ஒருவர் இரண்டு முறை பணம் கட்டிவிட்டார். செய்து தந்தவர் "போனில் ரேம் குறைவு" என்கிறார். முழுக்க மாற்றி எழுதத் தனியாகப் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ரேம் குறைவு என்று அவர் சொல்வது பொய்யில்லை. அது தெரிந்துதான் ஆப் எழுத வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆண்ட்ராய்டில் ஒரு ஆப்பை விட்டு வேறொன்றுக்குப் போனால், இடம் போதாதபோது பழையதைப் போன் சத்தமில்லாமல் மூடிவிடும். கேமரா நிறைய இடம் பிடிக்கும், அதனால் அங்கே இது அடிக்கடி நடக்கும். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்த காலத்திலிருந்தே இதுதான் ஏற்பாடு. ஆனால் பின்னால் தள்ளும்போது, "எந்த ஸ்கிரீனில் இருந்தாய், என்ன எழுதியிருந்தாய், ஒரு சின்னக் குறிப்புக் கொடு" என்று போன் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் அதை ஆப்பிடமே கொடுக்கும். உங்கள் ஆப் அந்தக் குறிப்பை எழுதவே இல்லை. ஃபிளட்டரில் இது தானாக நடக்காது. ரெஸ்டோரேஷன் என்ற வசதியை எழுதுபவர்தான் இயக்க வேண்டும். இத்தனை அடிப்படையான விஷயத்தை ஏன் அணைத்தே தருகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. போதாததற்குச் சில போன் கம்பெனிகள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆப்களை இன்னும் சீக்கிரமாகக் கொல்கின்றன.

எடுத்த போட்டோவும் போய்விடவில்லை. படம் எடுப்பதற்கென்றே ஆயத்தமாகக் கிடைக்கும் இமேஜ் பிக்கர் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தால், அதில் 'ரிட்ரீவ் லாஸ்ட் டேட்டா' என்று ஒரு அழைப்பு இருக்கிறது. ஆப் திறந்ததும் அதைக் கூப்பிட்டால் படம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தொகுப்பின் விளக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

இனி உங்கள் ஆள் நேரில் வந்து போனைக் குறுக்கே திருப்பிக் காட்டி, "பாருங்கள், எதுவும் அழியவில்லை" என்பார். அதை நம்பிவிடாதீர்கள். ஃபிளட்டர் ஆப்பில் போனைத் திருப்பினால் வழக்கமாக எதுவும் அழியாது, அதனால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. நீங்களே செய்து பாருங்கள். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்பதைப் போட்டுவிட்டு, பாதி ஆர்டர் நிரப்பி, கேமராவுக்குப் போய்த் திரும்புங்கள். எழுதியது அப்படியே இருக்க வேண்டும். முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மற்ற ஆப்களும் கிறுக்குப் பிடித்த மாதிரி நடக்கும். அவருக்குப் பாக்கி ஏதாவது இருந்தால் இந்தச் சோதனை தேறிய பிறகு கொடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. கடைக்காரர் தானே ஆப்பை விரலால் தள்ளி மூடிவிட்டால், போன் வைத்திருந்த குறிப்பும் போய்விடும். "வேண்டாம் என்றுதானே மூடினார்" என்பது ஆண்ட்ராய்டின் கணக்கு. நம் ஆட்களுக்கோ பார்த்ததையெல்லாம் தள்ளி மூடும் பழக்கம். அதனால் அந்தக் குறிப்பை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு கட்டம் நிரம்பும்போதும் போனுக்குள்ளேயே வரைவாகச் சேமித்து, அடுத்த முறை திறந்ததும் "பாதியில் விட்ட ஆர்டரைத் தொடரலாமா?" என்று கேட்க வேண்டும். இதிலும் ஒரு வம்பு இருக்கிறது. வரைவில் டிசைன், அளவு, ஜோடி இருக்கலாம், அன்றைய வெள்ளி விலை மட்டும் இருக்கக் கூடாது. நான்கு நாள் கழித்துத் தொடர்கிறவர் பழைய விலையில் ஆர்டரை முடித்துவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. விலையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். ஆர்டர் உறுதியானதும் வரைவை அழித்துவிட வேண்டும், இல்லையென்றால் அதே ஆர்டர் மறுபடி வந்து நிற்கும்.

யுபிஐக்கு அனுப்பும் முன்பே சர்வரில் ஆர்டர் எண் போட்டுவிடச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஸ்கிரீன் சொல்வதை நம்பாமல், "இந்த எண்ணுக்குப் பணம் வந்ததா?" என்று சர்வரிடம் கேட்டுவிட்டுத்தான் 'பணம் கட்டு' பட்டனைக் காட்ட வேண்டும். அப்புறம், பேக் பட்டன். ஏற்காட்டுக்கு ஏறிய வழியிலேயே இறங்கினால் அதே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றித்தான் வர வேண்டும், ஆப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆர்டர் முடிந்ததும் வந்த வழியை அழித்துவிட்டு நேராக முகப்புக்கு இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் பேக்கை அழுத்துகிறவர் மறுபடி பணம் கட்டும் ஸ்கிரீனில்தான் வந்து விழுவார்.

இவ்வளவும் தெரிந்தவருக்குச் சில நாள் வேலைதான். ஆனால் வேறு ஆளிடம் கொடுக்க மூலக் குறிமுறை (சோர்ஸ் கோட்) உங்கள் கையில் இருக்கிறதா? நம் ஊரில் பலர் ஏமாறுவது இதில்தான். நடுவில் ஒருவர் மலிவாகப் பேசி வாங்கி, வேறு யாரிடமோ எழுதி வாங்கி, ஆப்பைப் பிளே ஸ்டோரில் வெளியிடும் பிளே கன்சோல் கணக்கைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார். அப்புறம் ஒரு எழுத்தை மாற்றவும் அவரிடம்தான் கையேந்த வேண்டும். அந்தக் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர்தான் கட்டணம். உங்கள் பெயரில் ஒன்று திறந்து, ஆப்பை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், கூகுளில் அதற்கு வழி இருக்கிறது. மழுப்பினால் ஆள் எப்படிப்பட்டவர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டு முறை கட்டியவரின் பணத்தை மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல் இன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.