300 வந்தாச்சு, வீட்டுக்குள்ளே எங்கே போச்சு?

வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டுப் பக்கம் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒரு நிறுவனம், 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட் வேகம்) பிளானில் இருந்த வீடுகளை அதே கட்டணத்தில் 300-க்கு உயர்த்திவிட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறது. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: 300 ஆக்கிவிட்டோம் என்று மெசேஜ் வந்தது. செல்போனில் சோதித்தால் அன்றும் 45, இன்றும் 45. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், செக்காலை, காரைக்குடி

ப: அந்த முடிவுக்கு வருமுன் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஃபைபர் வந்து சேர்ந்து வைஃபை தரும் பாக்ஸை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பிளான் மாறினாலும், பழைய இணைப்பு அறுந்து மறுபடி லாகின் ஆகும்வரை சில நிறுவனங்களில் பழைய வேகமே ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் நேரே பாக்ஸில் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். வீட்டில் மற்ற போன், டிவி, கேமரா எதுவும் ஓடக்கூடாது. இப்போது ஸ்பீட் டெஸ்டை மூன்று முறை ஓட்டுங்கள். 280-க்கு மேல் வந்தால் நிறுவனம் சொன்னதைக் கொடுத்துவிட்டது. குறை உங்கள் வைஃபையில். ஒவ்வொரு முறையும் 94-இலேயே நின்றால் அடுத்த பதிலைப் பாருங்கள். நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கினால் புதுவயல் வாசகருக்கான பதில் உங்களுக்கும்தான்.

செல்போனில் முன்னும் பின்னும் மாறாத 45 என்பது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அடையாளம். அந்த அலைவரிசையில் வைஃபை 4 முறையில், இரண்டு ஆன்டெனா உள்ள போனும் பாக்ஸும் சாதாரண 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் பேசிக்கொள்ளும் உச்ச வேகமே 144 எம்பிபிஎஸ். அதில் ஏறத்தாழ பாதி, கருவிகள் முறை வைத்துப் பேசுவதற்கே போய்விடும். அடுத்த வீட்டு ரூட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. மிஞ்சுவது 40-இலிருந்து 80 வரை. பிளான் 100 ஆனாலும் 1000 ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 5 முறையில், 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் அதே இரண்டு ஆன்டெனாவுக்கு உச்சம் 866. பாக்ஸ் இருக்கும் அறையில் 300 தாராளமாகக் கிடைக்கும். பல பாக்ஸ்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். போன், தூரத்திலும் கிடைக்கிற 2.4-ஐப் பிடித்துக்கொண்டு விடாது. பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். வயர்லெஸ் பகுதியில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ அல்லது ‘பேண்ட் ஸ்டியரிங்’ என்று இருப்பதை அணைத்து, 5-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். அந்தப் பெயர் ஒரு போனில் தெரிந்து இன்னொன்றில் தெரியவில்லை என்றால், இரண்டாவது போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இல்லை. எந்தப் போனிலும் தெரியவில்லை என்றால் குறை பாக்ஸில். கண்டனூர் வாசகருக்கான பதில் அதைப் பற்றியது.

கே: லேன் கேபிளில் போட்டே பார்த்துவிட்டேன். எத்தனை தடவை பார்த்தாலும் 94, 95. இதற்கு மேல் ஏறவே இல்லை.
– வாசகர், தேவகோட்டை

ப: இவ்வளவு சீராக 94-இல் நிற்பது நல்ல தடயம். லைன் சரியில்லை என்றால் எண் ஆடும். 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, தலைப்பு என்று போக மிச்சம் 94 சொச்சம்தான். ஆகவே பாக்ஸிலிருந்து லேப்டாப் வரையிலான பாதையில் ஏதோ ஒன்று 100-க்கு மேல் பேச மறுக்கிறது. விண்டோஸில் செட்டிங்ஸ் – நெட்வொர்க் – ஈதர்நெட் போய் ‘லிங்க் ஸ்பீட்’ பாருங்கள். 100/100 என்று இருக்கும். 1000/1000 என்று இருக்க வேண்டும்.

காரணம் மூன்றில் ஒன்று. பாக்ஸின் லேன் துளை 100 வகையாக இருக்கலாம். சில மலிவு பாக்ஸ்களில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட், மற்றவை 100, எனவே எல்லாத் துளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். லேப்டாப்பின் துளையே பழைய 100 வகையாக இருக்கலாம். மூன்றாவதுதான் அடிக்கடி சிக்குவது: கேபிள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும். 100-க்கு நான்கே போதும் (1, 2, 3, 6-ஆம் முனைகள்). கிரிம்பிங்கில் (கேபிள் முனையில் பிளக்கை வைத்து அழுத்துவதில்) மீதி நான்கில் ஒன்று சரியாகக் கடிக்கவில்லை என்றாலும் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 100 பிளானில் இருந்தவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது.

முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்க, இடமிருந்து வலமாக நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கைப் பிரிப்பது அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். புதுக் கேபிள் வாங்கினால் கேட் 5இ அல்லது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைப்பது பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். அதைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நீளமாக இழுத்தால் அதுதான் முதலில் காலை வாரும்.

கே: பூர்வீக வீடு. பாக்ஸ் முகப்பில் இருக்கிறது. அங்கே 290 வருகிறது. முற்றத்தைச் சுற்றிய வளவில் 60. அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டுக்குப் போனால் வாட்ஸ்அப் காலே அறுந்துபோகிறது. ரிப்பீட்டர் வாங்கி வைத்தும் பிரயோஜனம் இல்லை.
– வாசகர், கானாடுகாத்தான்

ப: நம் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றரை அடி கனச் செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, இரும்புக் கம்பி போட்ட ஜன்னல், இரும்பு உத்திரம், கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரைத் துளைக்கும் சக்தி 2.4-ஐவிடக் குறைவு. ஒரு சுவருக்கே தளர்ந்துபோகும், இரண்டு சுவர் தாண்டாது. ஆகவே இத்தகைய வீட்டில் வைஃபையைச் சுவர் வழியாக அனுப்புகிற யோசனையையே விட்டுவிடுங்கள். சுவரைத் தாண்டுகிற வேலையைக் கேபிளிடம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கட்டிலும் தனி வைஃபை வையுங்கள்.

ரிப்பீட்டர் ஏன் உதவவில்லை என்றால், அது தனக்குக் கிடைத்ததைத்தான் திருப்பிச் சொல்லும். நைந்துபோன சிக்னல் கிடைக்கும் இரண்டாம் கட்டில் அதை வைத்திருப்பீர்கள். அதோடு, கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் நடப்பதால் வேகம் பாதியாகிவிடும்.

முதல் காரியம், டெக்னீஷியனைக் கூப்பிட்டு பாக்ஸை முகப்பிலிருந்து வளவின் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். முற்றம் திறந்தவெளி, அலைக்குத் தடையில்லாமல் நாலு பக்க அறை வாசலுக்கும் போகும். மழைச் சாரல் படாத பக்கமாக, ஆளுயரத்துக்கு மேல், தூணுக்குப் பின்னால் மறைக்காமல் மாட்டுங்கள். ஃபைபரை ஒட்டுப்போடாமல் தெருக் கம்பத்திலிருந்து ஒரே இழையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூலையில் 3 செ.மீ. ஆரத்துக்குக் குறைவாக மடிக்கக் கூடாது.

இரண்டாம் கட்டுக்கும் அடுப்படிக்கும் வளவிலிருந்து கேட் 6 கேபிள் இழுங்கள். லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிற வீடு, 200 அடி என்றாலும் 61 மீட்டர்தான், கவலை வேண்டாம். பளிங்குபோல் இழைத்த பூச்சில் தயவுசெய்து புதுத் துளை போடாதீர்கள். அந்தப் பூச்சுக்கு ஒட்டுப்போடத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. சிமென்ட் வைத்து அடைத்தால் அந்த இடம் தனியாகப் பல்லிளிக்கும். பழைய மின்கம்பி போன துளை, கதவுக்கு மேலுள்ள காற்றுப்போக்கி, உத்திரத்தின் மேல் விளிம்பு இவற்றில் ஏதாவது ஒன்று வழிவிடும். மின்கம்பியை ஒட்டியே ஓட்டாமல் ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். முற்றத்து வெயில் படும் இடத்தில் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள்தான் தாங்கும். ஓட்டுக்கு அடியில் அணில் கடிக்கும். அங்கே மட்டும் பிவிசி குழாய்க்குள் விடுங்கள்.

கேபிளின் அந்த முனையில் ஓர் அக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் கருவி. புதிதாக வாங்கத் தேவையில்லாமல், பரணில் கிடக்கும் பழைய ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் ஜிகாபிட் துளையும் இருந்தால் அதுவே போதும். அதில் ‘ஏபி மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (முதல் பாக்ஸ் 192.168.1.1 ஆக இருந்தால்), டிஎச்சிபி-யை (மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் (WAN) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். டிஎச்சிபி-யை அணைக்க மறந்தால் ஒரே வீட்டில் இரண்டு கருவிகள் முகவரி கொடுக்க ஆரம்பித்து, சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது. பெயரும் கடவுச்சொல்லும் எல்லாக் கட்டிலும் ஒன்றே இருக்கட்டும். சேனல் மட்டும் வேறு வேறு: 2.4-இல் 1, 6, 11. 5-இல் ஒன்றுக்கு 36, அடுத்ததற்கு 149.

கே: 300 என்கிறார்கள், படம் டவுன்லோடு போட்டால் 35-தான் காட்டுகிறது.
– வாசகர், ஆத்தங்குடி

ப: உங்களுக்கு முழு வேகமும் வருகிறது. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 300-ஐ 8-ஆல் வகுத்தால் 37.5.

கே: பகலில் 290. இரவு 8 மணியிலிருந்து 11 வரை 15-க்குக் கீழே போகிறது. லைன் பழுதா?
– வாசகர், புதுவயல்

ப: பழுதான லைன் கடிகாரம் பார்க்காது. ஆனாலும் பிரவுசரில் திறக்கும் பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’, அதாவது இழையில் வந்து சேரும் ஒளியின் பலம், பார்த்துவிடுங்கள். –8-இலிருந்து –27 டிபிஎம் வரை கருவி வேலை செய்யும். –15க்கும் –25க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. –26, –27 என்றால் மடிந்த இழை, அழுக்கான கனெக்டர், அல்லது பச்சை முனையை நீல முனையில் செருகிய கோளாறு. அப்படி இருந்தால் மழைக்காலத்தில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்து இணைப்பே நின்றுபோகும்.

பவர் சரியாக இருந்து, கேபிளில் சோதித்தும் இரவில் மட்டும் விழுந்தால், அது நெரிசல். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஓர் இழையின் 2,488 எம்பிபிஎஸ்-ஐ, ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 32 வீடும் ஒரே நொடியில் முழுக்க இழுத்தாலும் வீட்டுக்கு 77, 64 என்றால் 38 வரவேண்டும். உங்களுக்கு 15-க்கும் கீழே என்பதால், அடைப்பு தெருவில் இருக்க வாய்ப்பு குறைவு. ஊருக்கு உள்ளே வரும் மொத்த இணைப்பை நிறுவனம் பெரிதாக்காமல் வீடுகளின் எண்ணை மட்டும் 300 ஆக்கியிருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். இதை டெக்னீஷியன் வந்து சரிசெய்ய முடியாது, அவரிடம் கோபித்துப் பயனில்லை.

ஒரு வாரம், காலை 7, மதியம் 2, இரவு 9 என்று கேபிளில் சோதித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதோடு புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி அவர் 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புச் சேவைக் குறைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

கே: பழைய பாக்ஸை மாற்றினால்தான் 300 வரும், டெபாசிட் கட்டுங்கள் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கண்டனூர்

ப: உங்கள் பாக்ஸில் 2.4 மட்டும் இருந்து, லேன் துளையும் 100 வகை என்றால் உண்மைதான். அதில் 300 கிடைக்காது. 5 கிகாஹெர்ட்ஸும் ஜிகாபிட்டும் இருந்தால் மாற்றத் தேவையில்லை. டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பழைய பாக்ஸை, அடாப்டருடன், சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

கே: வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கூடுதல் பணம் கட்டி 500-க்கு மாறலாமா?
– வாசகர், கோட்டையூர்

ப: வேண்டாம். 4கே படத்துக்கே 15-இலிருந்து 25 எம்பிபிஎஸ் போதும், வீடியோ காலுக்கு 4 போதும். அறிவிக்கும் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு: 599 என்றால் கையிலிருந்து போவது 706 ரூபாய் 82 காசு. அந்தப் பணத்தில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். பாக்ஸ் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் (12 வோல்ட், 1 அல்லது 1.5 அல்லது 2 ஆம்பியர்) பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கினால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றும் சில மணி நேரம் நெட் இருக்கும்.

கே: ஐயா வீட்டில் கல்யாணம். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் சொந்தங்களுக்கு நேரலை காட்ட வேண்டும். 300 போதுமா?
– வாசகர், கோனாப்பட்டு

ப: நீங்கள் பார்க்க வேண்டியது அப்லோடு. சில பிளான்களில் டவுன்லோடை மட்டும் உயர்த்தி அப்லோடைப் பழையபடியே விட்டிருப்பார்கள். முழு எச்டி நேரலைக்கு நிலையாக 10 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைத்தால் போதும். வீடியோக்காரரின் கருவியை வைஃபையில் விடாமல் லேன் கேபிளில் இணையுங்கள். 6 எம்பிபிஎஸ்-இல் மூன்று மணி நேரம் ஓடினால் செலவு 8 ஜிபி-க்குச் சற்று அதிகம்.

கெடுப்பது விருந்தாளிகளின் போன்கள். வைஃபை கிடைத்ததும் எல்லாப் போனும் அன்று எடுத்த படங்களை கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்து, திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் அப்லோடை அடைத்துவிடும். வந்தவர்களுக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’ தனியாகத் திறந்து அதற்கு வேக வரம்பு வையுங்கள். வரம்பு வைக்கும் வசதி உங்கள் பாக்ஸில் இல்லையென்றால் முகூர்த்தம் முடியும்வரை கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ஒரு போனை ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக வைத்து, முதல் நாள் அதே முகூர்த்த நேரத்தில் அரை மணி நேரம் ஒத்திகை ஓட்டிப் பாருங்கள்.