ஒரே ‘தீயோ’வுக்குள் நம் மாமாவும் சித்தப்பாவும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, ஸ்பானிய மொழியின் உறவுச் சொற்களைப் பற்றியவை. ஒன்றுக்கு எழுதும் விளக்கம் மற்றதற்கும் உதவும் என்பதால் ஐந்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஸ்பெயினில் வலென்சியா நகரில் வேலை செய்கிறான், அந்த ஊர்ப் பெண்ணையே திருமணம் செய்திருக்கிறான். வருகிற ஆவணியில் மருமகளும் அவளுடைய பெற்றோரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அதற்காக ஸ்பானிய உறவுமுறைச் சொற்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவருக்கும் ஒரே சொல்தான் வருகிறது. நான் பிழையாக எழுதிக்கொண்டேனா?
– வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் பிழையாக எழுதவில்லை, அம்மா. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், மாமியின் கணவர் ஆகிய எல்லோரையும் ஸ்பானியர் ‘தீயோ’ என்றே சொல்வார்கள். பெரியம்மா, சின்னம்மா, மாமி ஆகிய எல்லோரும் ‘தீயா’. எந்தப் பக்கத்து உறவு என்று குறிப்பிட்டே ஆக வேண்டிய இடத்தில் மட்டும், தாய்வழியானால் ‘தீயோ மத்தேர்னோ’ என்றும் தந்தைவழியானால் ‘தீயோ பத்தேர்னோ’ என்றும் சேர்த்துச் சொல்வதுண்டு.

ஸ்பானியத்தின் தாய்மொழியான இலத்தீனில் நிலைமை இப்படி இருக்கவில்லை. அதில் தந்தையின் சகோதரருக்குப் ‘பத்ருவுஸ்’, தாயின் சகோதரருக்கு ‘அவுங்குலுஸ்’, தந்தையின் சகோதரிக்கு ‘அமித்தா’, தாயின் சகோதரிக்கு ‘மாத்தெர்த்தெரா’ என்று நான்கு தனிச்சொற்கள் இருந்தன. நம்மைப் போலவே அவர்களும் தாய்ப்பக்கத்தையும் தந்தைப்பக்கத்தையும் பிரித்தே பேசினார்கள். பிற்கால இலத்தீன் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கிய ஒரு சொல், ஸ்பானியத்துக்கு வந்தபோது அந்த நான்கையும் தள்ளிவிட்டுத் தானே இடம்பிடித்துக்கொண்டது. அந்தச் சொல்தான் இன்றைய ‘தீயோ’, ‘தீயா’.

இதைக் கொண்டு ஸ்பானியத்தை உறவுச் சொற்களில் வறிய மொழி என்று எண்ணிவிட வேண்டாம். நம்முடைய ‘மாமா’ என்ற சொல்லையே எடுத்துப் பாருங்கள். அம்மாவின் சகோதரரும் மாமா, கணவனின் தந்தையும் மாமா. ஸ்பானியர் இந்த இருவரையும் ஒருபோதும் ஒன்றாக்குவதில்லை; முதலாமவர் ‘தீயோ’, இரண்டாமவர் ‘சுவெக்ரோ’. அவ்வாறே ‘மருமகன்’ என்று நாம் சொல்லும்போது அது ஓர் ஆணுக்குச் சகோதரியின் மகனையும் குறிக்கும், மகளின் கணவனையும் குறிக்கும். அவர்களிடம் சகோதரியின் மகன் ‘சொப்ரீனோ’, மகளின் கணவன் ‘யெர்னோ’. தாய்மாமன் பிள்ளையையும் மாமி பிள்ளையையும் மணமுடிக்கும் முறை நம்மிடம் நெடுங்காலம் இருந்ததால், மாமா என்பவர் மாமனாராகவும், மருமகன் என்பவன் வீட்டு மாப்பிள்ளையாகவும் ஆகக்கூடியவர்கள் என்பதை நம் சொற்களே உள்ளடக்கி வைத்திருக்கின்றன. அந்த முறை அவர்களிடம் இல்லாததால், இரத்த உறவுக்கும் திருமண உறவுக்கும் நடுவில் அவர்கள் கோடு கிழித்தார்கள். நாம் தாய்ப்பக்கத்துக்கும் தந்தைப்பக்கத்துக்கும், மூத்தவருக்கும் இளையவருக்கும் நடுவில் கிழித்தோம்.

ஆகவே கொப்பியின் இடப்பக்கத்தில் தமிழ்ச்சொல், வலப்பக்கத்தில் ஸ்பானியச் சொல் என்று எழுதும் முறையை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக் கலியாணப் படம் ஒன்றை எடுத்து, அதில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் உங்கள் மகன் எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘மாமா’ என்பதற்கு என்ன என்று தேடினால் இரண்டு விடை வந்து குழப்பும். படத்தில் ஓரமாக நிற்கும் உங்கள் தம்பிக்கு என்ன என்று தேடினால் ஒரே விடைதான் உண்டு. உங்கள் மருமகளை நீங்கள் ‘நுவேரா’ என்பீர்கள். அவளுக்கு நீங்கள் ‘சுவெக்ரா’. பேரப்பிள்ளை பிறந்தால் ஆண் ‘நியேத்தோ’, பெண் ‘நியேத்தா’. அப்போது நீங்கள் ‘அபுவேலா’. அம்மம்மா, அப்பம்மா என்ற வேறுபாடும் அங்கே இல்லை.

கேள்வி: இணையவழியில் ஸ்பானியம் படிக்கிறேன். எத்தனை சகோதரர்கள் என்று ஆசிரியை கேட்டபோது ஒன்பது பேர் என்றேன். அவர் மிகவும் வியந்தார். வாப்பாவின் சகோதரர்களுடைய பிள்ளைகளையும் நான் எண்ணியது தவறா?
– மாணவர், கிண்ணியா

பதில்: உங்கள் கணக்கு தமிழ்க் கணக்கு; தமிழில் அதில் ஒரு தவறும் இல்லை. வாப்பாவின் சகோதரருடைய மகன் உங்களுக்கு மூத்தவரானால் அவரையும் ‘நானா’ என்றுதான் அழைப்பீர்கள்; எங்கள் வீட்டில் அவர் ‘அண்ணா’. ஸ்பானியத்தில் ‘எர்மானோ’ என்றால் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர். வாப்பாவின் சகோதரர் பிள்ளைகளும், உங்களுக்கு மச்சான், மச்சாள் முறையாகும் மாமா, மாமி பிள்ளைகளும் ஒரு வேறுபாடும் இன்றிப் ‘பிரிமோ’, ‘பிரிமா’ ஆகிவிடுவார்கள். நாம் ஒருவரை உடன்பிறப்பாகவும் மற்றவரை மணமுறை உள்ளவராகவும் பார்க்கிறோம். இந்த அமைப்பு அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மோர்கனின் கவனத்தை ஈர்த்தது. 1871இல் வெளிவந்த அவருடைய உறவுமுறை அட்டவணைகளில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு தொடர் உண்டு. பெற்றோரின் சொந்தச் சகோதரர் பிள்ளையைப் ‘பிரிமோ எர்மானோ’ என்று சொல்லலாம். தூரத்துப் பிரிமோக்களிலிருந்து அது அவரைப் பிரித்துக் காட்டும். இனிமேல் அந்தக் கேள்விக்கு, உம்மா வயிற்றில் பிறந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். ஆனால் சகோதரிகளையும் சேர்த்து எண்ணுங்கள். ‘எர்மானோஸ்’ என்ற பன்மை ஆண் வடிவில் இருந்தாலும் இருபாலாரையும் குறிக்கும். ‘பாத்ரே’ என்றால் தந்தை, ‘பாத்ரேஸ்’ என்றால் தாயும் தந்தையும் என்பதும் இதே வழியில் வருவதுதான்.

மூத்தவர், இளையவர் என்பதைச் சொல்ல ‘எர்மானோ மயோர்’, ‘எர்மானோ மெனோர்’ என்ற அடைமொழிகள் உண்டு. அவை ஒருவரைப் பற்றிப் பேசும்போது பயன்படுபவை. அண்ணனை நேரில் அழைக்கும் தம்பி அவருடைய பெயரைச் சொல்லித்தான் அழைப்பான். அதைக் கேட்டு மனம் சுளிக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன்: ஸ்பெயின் நாட்டு இளைஞர்கள் நண்பர்களுக்குள்ளே ஒருவரையொருவர் ‘தீயோ’ என்று அழைப்பதைக் கேட்பீர்கள். நம் பொடியன்கள் உறவே இல்லாதவனையும் ‘மச்சான்’ என்கிறார்களே, அதே பழக்கம்தான்.

கேள்வி: நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்கிறேன். ஸ்பானியச் சொற்களைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கிறேன், ஆனால் நான் சொல்வது அவர்களுக்கு விளங்குவதில்லை.
– வாசகர், நிலாவெளி

பதில்: தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம்தான், ஆனால் நம் எழுத்தின் இயல்பை நினைவில் வைத்து எழுத வேண்டும். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் தனித் தகரத்தை நாம் ‘அது’ என்பதில் ஒலிப்பது போல மென்மையாக ஒலிப்போம். ஆகவே பேரனை ‘நியேதோ’ என்று எழுதினால் வாசிக்கும்போது ஒலி குழைந்துவிடும். இரட்டித்து ‘நியேத்தோ’ என்று எழுதுங்கள். மச்சானுக்குரிய ‘குஞாதோ’வில் அந்த மென்மையான தகரமே வேண்டியது, அதை அப்படியே விடலாம். அதில் வரும் ஞகரமும் நம்முடைய ஞகரமே. மகனைக் குறிக்கும் ‘ஈஹோ’வில் ஹகரத்தைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்ல வேண்டும், ‘எர்மானோ’வின் முதலில் அவர்கள் எழுத்தில் ஒரு ஹகரம் இருந்தாலும் அதை ஒலிப்பதே இல்லை.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதுதான் பலர் கவனிக்காத இடம். ‘பப்பா’ என்று இரண்டாம் அசையை அழுத்தினால் அப்பா. முதல் அசையை அழுத்தினால் தென் அமெரிக்க நாட்டவருக்கு அது உருளைக்கிழங்கு. அம்மாவைக் குறிக்கும் ‘மமா’விலும் அழுத்தம் கடைசி அசையில்தான்.

‘பாத்ரே’ என்ற சொல் நம் ஊருக்குப் புதிதல்ல. போர்த்துக்கேயரும் குருவானவரை அந்தச் சொல்லால் குறித்தவர்கள். நம்முடைய ‘பாதிரியார்’ அங்கிருந்து வந்ததுதான். தீயோ, தீயா, பிரிமோ, பிரிமா ஆகியவையும் போர்த்துக்கேயத்திலும் ஸ்பானியத்திலும் ஏறத்தாழ ஒன்றே. மட்டக்களப்பிலும் நம் பாலையூற்றிலும் வாழும் பறங்கியர் குடும்பங்களில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழியைப் பேசும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சற்று நேரம் பேசிப் பார்த்தால், ஸ்பானியத்தின் நெருங்கிய உறவுமொழியின் ஓசை உங்கள் காதுக்குப் பழகும்.

கேள்வி: ஸ்பானியர் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பது ஏன்?
– வாசகி, திருகோணமலை நகர்

பதில்: வழக்கமாக முதலாவது தந்தையினுடையது, இரண்டாவது தாயினுடையது. 1982இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் பெயரில் கார்சியா தந்தைவழி, மார்க்கேஸ் தாய்வழி. ஸ்பெயினில் திருமணமானபின் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. பிள்ளையின் பெயரில் தந்தை பெயரே முன்னால் வர வேண்டும் என்ற முன்னுரிமையும் 2017இல் நீக்கப்பட்டது.

கேள்வி: சம்பந்தி என்பதற்கு ஸ்பானியத்தில் சொல் உண்டா? ஆங்கிலத்தில் தேடிக் களைத்துவிட்டேன்.
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: உண்டு. ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானியம் படிப்பவர்கள் தவறவிடும் சொல் இது, ஏனென்றால் ஆங்கிலத்தில் இதற்கு வழக்கிலுள்ள தனிச்சொல் இல்லை. மாமனாரைக் குறிக்கும் ‘சுவெக்ரோ’வுக்கு முன்னால் ‘உடன்’ என்ற பொருளுடைய ‘கொன்’ சேர்ந்து ‘கொன்சுவெக்ரோ’ ஆகிறது, பெண்ணானால் ‘கொன்சுவெக்ரா’. ஒரே பிள்ளைகளுக்கு உடன் மாமனாராக இருப்பவர் என்று பொருள் விரியும். இதே வழியில் சகலனைக் ‘கொன்குஞாதோ’ என்றும், ஓரகத்தியைக் ‘கொன்குஞாதா’ என்றும் சொல்லலாம். கத்தோலிக்கரிடையே பிள்ளையின் பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் இடையிலுள்ள உறவுக்குக்கூடத் தனிச்சொல் உண்டு. ஞானத்தகப்பனைப் பிள்ளையின் பெற்றோர் ‘கொம்பாத்ரே’ என்பார்கள்.

முதற்கேள்வி கேட்ட உப்புவெளி வாசகிக்கும் இது பயன்படும். மருமகளின் தாயாரை அயலவருக்கு அறிமுகம் செய்யும்போது ‘மி கொன்சுவெக்ரா’, அதாவது ‘என் சம்பந்தி’ என்று சொல்லுங்கள். அவருக்கு அது உடனே விளங்கும். நேரில் அழைப்பதற்கு அந்தச் சொல் வழங்குவதில்லை, பெயரைத்தான் சொல்ல வேண்டும். முதல் நாளில் ‘உஸ்தேத்’ என்ற மரியாதை முன்னிலையில் பேசத் தொடங்குங்கள். அவராகவே ‘தூ’ என்று பேசும்படி கேட்டுக்கொண்டால் தயங்காமல் மாறிக்கொள்ளலாம். தமிழில் ‘நீ’ என்று கேட்பது போலத் தோன்றினாலும், ஸ்பெயினில் அது உங்களைத் தம் வீட்டாராக ஏற்றுக்கொண்டார் என்பதற்கான அழைப்பு.