ஃபுல் பார் காட்டுது, வீடியோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு!

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், வீட்டுல நெட் ஸ்லோ. இன்னும் எத்தனையோ தோட்டத்துக்குள்ள ஃபைபர் லைன் வரல, சிம் கார்டுதான் கதி, அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதையே முழுசா பார்த்துடுவோம்.

அண்ணே, நாங்க இருக்குறது டவுன்ல இருந்து உள்ள போற தோட்டத்து லயத்து வரிசை வீட்டுல. மகனுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை, என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் படிக்கிறான். விடியக்காலையில பரவால்ல, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பாட வீடியோகூட ஓட மாட்டேங்குது, ஆனா பார் நாலும் ஃபுல்லா இருக்கு. கடைக்காரப் பையன் பெரிய பிளான் போடுங்க அக்கா சரியாயிடும்ங்கறான். போடவா? – வாசகி, சுங்கை சிப்புட்

பொறுங்க அக்கா, இப்போதைக்கு ஒரு வெள்ளிகூட செலவு பண்ணாதீங்க. மொதல்ல எங்க அடைக்குதுன்னு கண்டுபிடிக்கணும், அதுக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட் ஆப் போதும் (கோட்டாவை கொஞ்சம் சாப்பிடும், சும்மா சும்மா அமுக்காதீங்க). விடியக்காலை ஒரு தடவை, ராத்திரி ஒம்போது மணிக்கு ஒரு தடவை, ரெண்டையும் வீட்டு வாசல்ல நின்னு பாருங்க, அப்புறம் அதையே மகன் உக்காந்து படிக்கிற எடத்துலயும் பாருங்க.

எந்த நேரம் பார்த்தாலும் ஸ்பீட் 3 எம்பிபிஎஸ், இல்ல 6 எம்பிபிஎஸ்னு ஒரே எடத்துல வந்து நிக்குதா? அது பிளான்லயே போட்டு வச்சிருக்குற கட்டு. அன்லிமிட்டெட்னு பெருசா எழுதி, கீழ குட்டி எழுத்துல ஸ்பீட் இவ்ளோதான்னு போட்டிருப்பான். ஹாட்ஸ்பாட்டுக்குன்னு தனி கோட்டா வச்சிருக்குற பிளானும் நிறைய இருக்கு, அது தீர்ந்துட்டா போன்ல ஓடும், மகன் லேப்டாப்புல ஓடாது. இந்த மாதிரி இருந்தா மட்டும்தான் பிளான் மாத்துறதுல அர்த்தம் இருக்கு.

ஆனா நீங்க சொல்றத வச்சு பார்த்தா இது நெரிசல் மாதிரி தெரியுது. ஒரு டவர் குடுக்குற ஸ்பீட அந்த டவர்ல இருக்குற எல்லாருமே பங்கு போட்டுக்குறோம், வேலை முடிஞ்சு வந்து லயத்துல எல்லாரும் ஒரே நேரத்துல குழாயத் திறந்தா கடைசி வீட்டுக்கு தண்ணி சொட்டுற கதைதான். இதுக்கு பெரிய பிளான் போட்டாலும் அதே குழாய்ல அதே தண்ணிதான் வரும். வேற கம்பெனி சிம் ஒன்ன பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கி அதே ராத்திரி நேரத்துல உங்க போன்ல போட்டு பாருங்க, அது நல்லா ஓடுனா சிம்ம மாத்துங்க. இல்லன்னா மகன யூடியூப்ல 480பி வச்சு பார்க்கச் சொல்லுங்க, அதுக்கு 1.1 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும், 1080பிக்கு 5 வேணும். ராத்திரி பார்க்க வேண்டிய பாடத்த விடியக்காலையில டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது. வீட்டுல யாரோட போன்லயாவது கேம் அப்டேட் ஓடுதான்னும் ஒரு கண்ணு வைங்க, பாதி நேரம் திருடன் வீட்டுக்குள்ளயேதான் இருப்பான்.

அந்த நாலு பாரையும் ரொம்ப நம்பாதீங்க. பார் காட்டுறது சிக்னல் பலம், எத்தனை பேர் நெருக்கிக்கிட்டு இருக்காங்கன்னு அது சொல்லாது. அதோட 900 மெகாஹெர்ட்ஸ் அலை ரொம்ப தூரம் வரும், செவுத்தையும் நல்லா தாண்டும், பார் ஃபுல்லா காட்டும், ஆனா அதுல கம்பெனிகிட்ட இருக்குற அகலம் (டேட்டா போற ரோட்டோட அகலம்னு வச்சுக்குங்க) கம்மி. 1800, 2600ல அகலம் ஜாஸ்தி, ஸ்பீடும் வரும், ஆனா தூரம் வராது. உண்மையான கணக்கு பார்க்கணும்னா ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ்னு போங்க, அங்க மைனஸ் போட்டு ஒரு நம்பர் டிபிஎம்னு இருக்கும். மைனஸ் 85 பக்கம் இருந்தா அருமை, மைனஸ் 100 சுமார், மைனஸ் 110த் தாண்டிடுச்சுன்னா கஷ்டம். அந்த நம்பர் 3 கூடுனாலே, அதாவது மைனஸ் 100 மைனஸ் 97 ஆனாலே, சிக்னல் ரெண்டு மடங்குன்னு அர்த்தம், அதனால போன ஒரு ஜன்னல்ல இருந்து இன்னொரு ஜன்னலுக்கு மாத்துறதுகூட பெரிய விஷயம்தான்.

இதுல தோட்ட வீட்டுக்கு இன்னொரு தொல்லை, சிங்க் கூரை. அதுக்கு கீழ வெயிலுக்குன்னு பளபளன்னு அலுமினிய ஷீட் அடிச்சிருந்தா சொல்லவே வேணாம், மேல இருந்து ஒரு சிக்னலும் இறங்காது, ஜன்னல் வழியா வர்றதுதான். ராத்திரி வெளிய வந்து மரத்துக்கு மேல செவப்பு லைட்டு எந்தப் பக்கம் எரியுதுன்னு பாருங்க, அனேகமா அதுதான் டவர். அந்தப் பக்கத்து ஜன்னல்ல போன வச்சு ஹாட்ஸ்பாட் போடுங்க, மகன் உள்ள உக்காந்துக்கட்டும். போன் அவன் பக்கத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல, எல்லாரும் அதத்தான் தப்பா செய்யுறாங்க.

அண்ணா, போன் வந்தா நெட் நின்னுடுது, மேல 4ஜி போயி ஈ னு வருது. பேசி முடிச்சாத்தான் திரும்ப வருது. போன் கெட்டுப்போச்சா? – பேக்டரி வேலை செய்யும் தம்பி, பீடோர்

போன் நல்லாத்தான் இருக்கு தம்பி, வோல்ட்டி, அதான் 4ஜிலயே கால் பேச வைக்கிற வசதி, ஆஃப்ல இருக்கு, இல்ல உங்க மாடல்ல அந்த கம்பெனிக்கு அது வேலை செய்யல. முன்ன எல்லாம் கால் வந்தா போன் 3ஜிக்கு இறங்கும், அங்க நெட்டும் ஓடும். நம்ம மலேசியாவுல 2021 கடைசியோட 3ஜிய மூடிட்டாங்க, அதனால இப்ப நேரா 2ஜிக்கு விழுது, அந்த ஈ தான் அது. செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க்குக்குள்ள வோல்ட்டி இருக்கும், ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணியும் விழுந்தா கவுண்டர்ல போயி சிம் ரொம்ப பழசான்னு கேளுங்க. அதுக்கும் சரி வரலன்னா அடுத்த போன் வாங்கும்போது வெளிநாட்டு செட்டா, இங்க ஓடுமான்னு விசாரிச்சு வாங்குங்க, மலிவா கிடைக்குதேன்னு ஆன்லைன்ல எடுத்துட்டு மாட்டிக்குறவங்க அதிகம்.

ஐயா, மழை பேஞ்சா எங்க ஊர்ல லைன் போயிடும். அதோட கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி இருந்த லைன்கூட இப்ப இல்ல. டவர் அதே எடத்துலதான் நிக்குது. இது என்ன கதை? – ஓய்வுபெற்ற கிராணி, பாகான் செராய்

ஐயா, ரொம்ப நல்ல கேள்வி கேட்டீங்க. நம்ம போனுக்கு வர்ற அலைய மழைத்துளி பெருசா ஒன்னும் செய்யாது. ஆனா ஃபைபர் போகாத டவர் இருக்கே, அது அடுத்த டவரோட மைக்ரோவேவ் டிஷ் வச்சுத்தான் பேசிக்கிட்டு இருக்கும், வட்டமா மத்தளம் மாதிரி தொங்குமே, அது. அதோட மெகாஹெர்ட்ஸ் கணக்கு ரொம்ப அதிகம், பேய் மழையில அது தடுமாறிடும். அப்போ பார் இருக்கும், நெட் இருக்காது. பாரே இல்லன்னா டவருக்கு கரண்ட் போயிருக்கலாம். ரெண்டுக்கும் நம்ம வீட்டுல செய்யுறதுக்கு ஒன்னுமில்ல.

ரெண்டாவது விஷயம், உங்க வீட்டுக்கும் டவருக்கும் நடுவுல செம்பனை நிக்குதா? நட்ட புதுசுல முழங்கால் உயரம் இருந்த மரம் வருஷா வருஷம் ஏறி, வெட்டுற வயசு வரும்போது 10 மீட்டரத் தாண்டி நிக்கும். ஓலை முழுக்க தண்ணி, தண்ணிதான் சிக்னல உறிஞ்சுறது, அதுவும் மழையில நனைஞ்ச ஓலைன்னா இன்னும் மோசம். 25 வருஷம் பக்கம் ஆனா மரத்த சாய்ச்சு மறுபடி நடுவாங்க, அன்னைக்கு உங்க லைன் திடீர்னு பிரமாதமா வரும் பாருங்க. அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா அடுத்த பதில படிங்க.

ஆன்லைன்ல சிக்னல் பூஸ்டர் விக்கிறாங்க, மூணு ஆன்டெனா வச்சது, வெல 200 வெள்ளிக்குள்ளதான். வாங்கலாமா? – வாசகர், தெலுக் இந்தான்

வேணாம். அனுமதி இல்லாம இந்த பூஸ்டர (ரிப்பீட்டர்னும் சொல்வாங்க) வச்சா 1998ஆம் வருஷத்து தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம், அதுமட்டுமில்லாம அது டவருக்கே தொந்தரவு குடுத்து லயத்துல எல்லாரோட லைனையும் கெடுத்துடும். அந்தக் காச வேற வழியில போடுங்க. வெளி ஆன்டெனா மாட்டுற ஓட்டை வச்ச 4ஜி மோடம், சிரிம் ஸ்டிக்கர் (அங்கீகாரம் வாங்குன சாமான்னு காட்டுற முத்திரை) இருக்கான்னு பார்த்து வாங்குங்க. டவரப் பார்த்து ஒரு பக்கமா இழுக்குற ஆன்டெனாவ கம்பத்துல ஏத்தி கூரைக்கு மேல தூக்கிடுங்க, இப்ப சிங்க்கும் தடுக்காது, மரமும் கொஞ்சம் கீழ போயிடும். கேபிள் ரெண்டு வேணும், ஒன்னு மட்டும் மாட்டுனா பாதி பலன்தான். நீளமா இழுக்காதீங்க, கேபிள் நீள நீள புடிச்ச சிக்னல அதுவே தின்னுடும், மோடத்த கூரைக்குப் பக்கத்துல வைங்க, வீட்டுக்குள்ள வைஃபை தானா வரும். இடி மின்னல் வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே கழட்டி வைக்க மறக்காதீங்க. அப்புறம் சில மோடத்துல எந்த பேண்ட்ல (அலைவரிசையில) ஓடணும்னு நம்மளே செலக்ட் பண்ணலாம், முன்னாடி சொன்ன 1800ல பூட்டி டெஸ்ட் எடுத்து பாருங்க, எங்க பக்கம் சில வீட்டுல பார் ஒன்னு கொறஞ்சு ஸ்பீட் கூடுனத நானே பார்த்திருக்கேன்.

5ஜி போன் வாங்கிட்டேன், பழசவிட மோசமா இருக்கே? – கல்லூரி மாணவி, தாப்பா

உங்க வீடு 5ஜி சிக்னல் எட்டுற எல்லையோட ஓரத்துல இருக்கும்மா, போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவிக்கிட்டே இருக்கு, பேட்டரியும் போகும். வீட்டுல இருக்கும்போது 4ஜி மட்டும்னு மாத்தி வச்சுட்டு பாருங்க.

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு. யாருகிட்ட சொல்றது? – தோட்டத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்துல இருந்து

மொதல்ல உங்க கம்பெனிக்குத்தான், அவங்க சரியா பதில் சொல்லலன்னா தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு. சும்மா லைன் ஸ்லோன்னு எழுதுனா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு பதில் வரும். தேதி, மணி தெரியுற மாதிரி ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட், வீடு இருக்குற லொகேஷன், அந்த டிபிஎம் நம்பர், எல்லாத்தையும் சேர்த்து அனுப்புங்க. சங்கத்து பேர்ல ஒரே கடிதமா குடுக்காம லயத்துல ஆளாளுக்கு அவங்கவங்க நம்பர்ல புகார் போடுங்க, அங்க போன் நம்பர வச்சுத்தான் புகார் எண்ணிக்கை ஏறும். அதுவரைக்கும் புள்ளைங்க பெரிய ஃபைல் அனுப்பணும்னா பக்கத்துல நாடி மையம் (அரசாங்கத்தோட சமூக இணைய மையம்) எங்க இருக்குன்னு விசாரிச்சு அங்க போகச் சொல்லுங்க. புகார் போடும்போது ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காம மட்டும் போன வைக்காதீங்க.