பாக்கு மெல்லும் இளைஞர்களுக்கு வாய் திறக்க முடியாமல் போவது ஏன்? அது புற்றுநோயா?

புற்றுநோய் அல்ல, ஆனால் புற்றாக மாறக்கூடிய நிலை. மருத்துவச் சீட்டில் 'ஓ.எஸ்.எம்.எஃப்' (ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ், அதாவது வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார் இறுகும் நோய்) என்று இருக்கும். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள், கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார்களை அளவுமீறி உருவாக்குகிறது. பாக்கிலுள்ள செம்பு அவற்றைப் பிணைத்து இறுக்குகிறது. நனைந்து வெயிலில் காய்ந்த தோல் செருப்பு விறைப்பதுபோலக் கன்னம் விறைக்கும்.

முதல் அறிகுறி, காரம் பட்டாலே எரிச்சல். வயிற்றுச் சூடு என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் காலம் வீணாகிறது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் உடனே பல் மருத்துவரிடம் போங்கள். பாக்கை விட்டாலும் இறுகிய நார் தானாகக் கரையாது. பயிற்சியும் சிகிச்சையும் வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் என்றால் சதைப் பரிசோதனை அவசியம்.

புகையிலை சேராத பாக்கு தீங்கில்லை என்பது தவறு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது.