பழைய லெகோ கோட்டை செட்: பணம் கொடுப்பதற்கு முன் சில கேள்விகள்

1978-இல் தொடங்கி 1990-களின் நடுப்பகுதி வரை வந்த லெகோ கோட்டைகளைத் திரும்பத் தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில்களுக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு விஷயம். இந்த செட்டுகளில் சாதாரணச் செங்கற்கள் மலிவு. பொம்மை வீரர்கள், அச்சிட்ட துண்டுகள், அடித்தட்டு, சரியான சாம்பல் நிறம் ஆகியவற்றுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். சோதனையையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: 1984-இல் வந்த 'கிங்ஸ் காசில்' (6080) செட்டை ஒருவர் "100 சதவீதம் முழுமை" என்று விற்கிறார். நம்பி வாங்கலாமா?

"முழுமை" என்பதற்குப் பழைய பொம்மைச் சந்தையில் ஆளுக்கொரு அளவுகோல் உண்டு. ஒருவருக்குத் துண்டுகள் மட்டும், இன்னொருவருக்குக் கட்டும் முறைப் புத்தகமும் சேர்த்து, மூன்றாமவருக்குப் பெட்டியோடு. எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, "எந்தத் துண்டாவது மாற்றாக வைத்ததா?" என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டால், மாற்றுத் துண்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாற்று பெரும்பாலும் சாம்பல் செங்கல்லாகத்தான் இருக்கும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழைய சாம்பலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், புதியதில் நீலம் ஓடும். காணாமல் போன இடத்தில் புதிய சாம்பலைச் செருகினால் எண்ணிக்கை சரியாக வரும், சுவர் மட்டும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல் வைத்து, கோட்டையின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது வீரர்கள். இந்தக் கோட்டையில் 12 பேர் உண்டு. வரிசையாக நிற்க வைத்து முன்பக்கம் எடுத்த படம் போதாது. பக்கவாட்டில், கையை மேலே தூக்கி, அக்குள் தெரிகிற மாதிரி ஒவ்வொருவரையும் எடுக்கச் சொல்லுங்கள். உடலின் கீழ் விளிம்பிலிருந்து கை செருகும் துளையை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். உடல் மெல்லிய வெற்றுக்கூடு. கீழே இடுப்பின் குமிழ்கள் (ஒன்றோடொன்று பொருத்தும் சிறு புடைப்புகள்), பக்கத்தில் இரு கைகள் என்று மூன்று பக்கமும் அழுத்தம். முப்பது நாற்பது வருடம் அப்படியே நின்றால் பக்கம் விரிந்துவிடும். விரிசல் விழுந்த வீரர் நிற்பார், ஆனால் கை தளர்ந்து கழன்றுகொண்டே இருக்கும். அதை ஒட்ட முயலாதீர்கள். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் அச்சைச் சுற்றி வெண்மூட்டம் படியும், பிறகு போகாது.

தலைக்கவசத்தில் மாட்டும் முகமறைப்பைத் தூக்கி வைத்து ஒரு படம் கேளுங்கள். தூக்கிய இடத்தில் நிற்காமல் தானாகக் கீழே விழுந்தால் பிடி தேய்ந்துவிட்டது, அதற்கு விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

கேள்வி: முதல் கோட்டை ஏன் மஞ்சள்? அதை வாங்கி இரண்டு வயதுப் பேரனுக்கு விளையாடக் கொடுக்கலாமா?

1978-இல் வந்த 375 எண் செட்டைச் சொல்கிறீர்கள். 767 துண்டுகள், 14 வீரர்கள். நடுவில் கீல் வைத்துத் திறக்கும். குதிரைகளைக்கூடச் செங்கற்களால்தான் கட்ட வேண்டும். ஒரே வார்ப்பில் செய்த குதிரை 1984-இல்தான் வந்தது. சாம்பல் செங்கல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் பீரங்கி வண்டி கட்டுவார்கள் என்று நிறுவனத்தின் தலைமை தயங்கியதால் மஞ்சள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

பேரனுக்கு வேண்டாம். துண்டுகள் சிறியவை, தொண்டையில் சிக்கும் என்பது முதல் காரணம். இரண்டாவது நிறமி. அந்தக் காலத்து மஞ்சள், சிவப்பு பிளாஸ்டிக்கில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமி பயன்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பழைய பொம்மைகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் பழைய லெகோ செங்கற்களும் இருந்தன. கையில் எடுத்து அடுக்குகிற பெரியவர்களுக்கு இது பெரிய கவலை இல்லை. எதையும் வாயில் வைக்கும் வயதுக்கு 1970-களின் செங்கல்லைக் கொடுக்கக் கூடாது. நீங்கள் கட்டி அலமாரியில் வையுங்கள், அவனுக்கு அவன் வயதுக்கான பெரிய கட்டைகளை வாங்குங்கள்.

கேள்வி: வாங்கிய கோட்டையின் சாம்பல், வெள்ளைத் துண்டுகள் பழுப்பேறியிருக்கின்றன. பெராக்சைடில் ஊறவைத்தால் சரியாகும் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

முதலில், செய்யத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். பழுப்பு சீராக இருந்தால் கோட்டைச் சுவருக்கு அது பொருத்தமாகவே இருக்கும். எந்தக் கோட்டை மதில் ஒரே நிறத்தில் நின்றது? ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டுத் திட்டுத்திட்டாக இருந்தால்தான் இந்த வேலைக்கு அர்த்தம். காரணம் பிளாஸ்டிக்கிலேயே இருக்கிறது. லெகோ செய்யப்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் உள்ள ரப்பர் போன்ற பியூட்டடையீன் பகுதி, சூரிய ஒளியின் புற ஊதாக் கதிராலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் சிதைகிறது. வெள்ளையும் சாம்பலும் பழுப்பாகும், நீலம் பச்சை தட்டும்.

அச்சிட்ட வீரர்கள், ஸ்டிக்கர் ஒட்டிய துண்டுகள், உலோகம் உள்ளவை எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மீதியைச் சோப்பு நீரில் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் அந்த இடம் மட்டும் வெளுக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், தண்ணீர் கலக்க வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்திலோ ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவிலோ செங்கற்களைப் போட்டு முழுவதும் மூழ்கும்வரை ஊற்றி, நேர் வெயிலில் வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். டப்பாவை இறுக்கி மூடாதீர்கள், ஆக்சிஜன் வெளியே வந்துகொண்டிருக்கும்.

சொதப்புவது அந்த ஆக்சிஜனால்தான். குமிழிகள் செங்கல்லின் அடிக்குழியில் சேர்ந்து அதை மேலே தூக்கிவிடும். மிதக்கிற பக்கம் திரவத்துக்கு வெளியே நின்று கோடு விழும். அதனால் மேலே ஒரு பிளாஸ்டிக் சல்லடையைக் கவிழ்த்து அழுத்தி வையுங்கள், மணிக்கொரு முறை கிளறிவிடுங்கள். லேசான பழுப்புக்கு நல்ல வெயிலில் 4 முதல் 6 மணி நேரம். ஆழமானதற்கு மறுநாள் புதுத் திரவம் ஊற்றி இன்னொரு முறை. நிறம் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும், விட்டால் மேற்பரப்பில் வெண்பூச்சு படியும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, செங்கல்லின் குமிழ் மேலே இருக்கும்படி ஒரு துணியின் மேல் வைத்து நிழலில் உலர்த்துங்கள். உள்ளே தேங்கிய நீர் அப்போதுதான் வடியும்.

சுவரின் அடிவரிசையில் மறையப்போகிற ஒரு செங்கல்லில் முதலில் சோதித்துப் பாருங்கள். தலைமுடி வெளுக்கும் 12 சதவீத கிரீமைத் தடவும் முறை வேகமானது, ஆனால் கோடுகோடாக வெளுக்கும். எந்த முறையானாலும் பிளாஸ்டிக் இளமையாகிவிடாது. நிறம் மட்டும்தான் போகிறது. மறுபடி வெயிலில் வைத்தால் மறுபடி பழுக்கும்.

கேள்வி: வலைப்பையில் போட்டு வாஷிங் மெஷினில் துவைக்கலாமா?

கூடாது. கையால், 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத நீரில் கழுவுங்கள். ஹேர் டிரையரும் வேண்டாம்.

கேள்வி: முழு செட்டாக வாங்காமல், உதிரித் துண்டுகளை வாங்கிக் கட்டினால் மிச்சமாகுமா?

வீட்டில் பழைய லெகோ பெட்டி ஒன்று இருந்தால் மிச்சமாகும். ஒன்றுமே இல்லாமல் தொடங்கினால், பல கடைகளின் தபால் செலவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

பிரிக்லிங்க் என்ற லெகோ உதிரித் துண்டு விற்பனைத் தளத்தில் (2019 முதல் லெகோவுக்கே சொந்தம்) செட் எண்ணைப் போட்டால் துண்டுப் பட்டியல் வரும். 1x4 செங்கல் என்றால் 3010, 1x2 என்றால் 3004 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. உங்களிடம் இருப்பதைக் கழித்துவிட்டு மீதியை அங்கேயுள்ள 'வாங்க வேண்டியவை' பட்டியலில் ஏற்றுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய சாம்பலுக்கு அங்கே 'லைட் கிரே' என்று பெயர், புதியதற்கு 'லைட் புளூயிஷ் கிரே'. ஒரு சொல்தான் வித்தியாசம், வருவது வேறு நிறம். பழுப்பு நிறத்துக்கும் இதே கதைதான். பழைய 'பிரவுன்' போய் 'ரெடிஷ் பிரவுன்' வந்தது. அதன் முதல் பத்துப் பதினைந்து வருடத் தயாரிப்பில் பல துண்டுகள், அழுத்திய மாத்திரத்தில் உடையும் அளவுக்கு நொறுங்கும் தன்மை கொண்டவை. கறுப்பு, மஞ்சள், சிவப்புக்கு இந்தத் தலைவலி இல்லை. இன்று வந்த கறுப்புச் செங்கல்லைப் பழைய கோட்டையில் வைத்தாலும் பளபளப்பில்தான் வித்தியாசம் தெரியும்.

வாங்கும் வரிசை முக்கியம். அச்சிட்ட உடல்கள், கேடயங்கள், பெரிய சுவர்ப்பலகை (எண் 4444) போன்ற அரிதானவை எந்தக் கடையில் இருக்கின்றன என்று முதலில் தேடி, அதே கடையிலேயே மலிவான செங்கற்களையும் எடுங்கள். செங்கல்லை முதலில் வாங்கிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேடயத்துக்காக இன்னொரு தபால் செலவு கட்டுவதுதான் வழக்கமான நஷ்டம். விலையைப் பார்க்கும்போது விற்பனைக்கு வைத்திருக்கும் விலையை விடுங்கள், கடந்த 6 மாதத்தில் உண்மையாக விற்ற விலையைப் பாருங்கள். ஆசைப்படும் விலையை யாரும் எழுதி வைக்கலாம்.

கட்டும் முறைப் புத்தகத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. லெகோவின் சொந்தத் தளத்தில் 1996-க்குப் பிந்தையவை கிடைக்கும். அதற்கு முந்தையவற்றை ரசிகர்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மலை போல உயர்ந்த அடித்தட்டு உள்ள 1990 கோட்டை (6081) வேண்டும். தட்டில் விரிசல் என்கிறார் விற்பவர். ஒட்டிக்கொள்ளலாமா?

தடம் தெரியாதபடி ஒட்ட முடியாது. அந்தத் தட்டு சாதாரணச் செங்கல் போலக் கெட்டியானது அல்ல. மெல்லிய தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி வடித்தது. மேடு தொடங்கும் மூலைகளில் தகடு இன்னும் மெலிந்திருக்கும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். விரிசல் சுவருக்கு அடியில் மறைகிற இடமென்றால் விலை குறைத்து வாங்கலாம். முன்வாசல் சரிவில் என்றால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு முறை செங்கல்லை அழுத்தும்போதும் நீளும்.

நல்ல தட்டையே வாங்கினாலும் தபாலில் உடையும். மேட்டின் அடியில் உள்ள வெற்றிடத்தைக் கசக்கிய காகிதத்தால் நிரப்பி, மேலும் கீழும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், பெட்டியின் மேல் இன்னொரு பெட்டி ஏறியதும் தட்டு முடிந்தது. அடித்தட்டைச் சமதளத்தில் வைத்து நான்கு மூலையும் தொடுகின்றனவா என்று காட்டும் படமும் கேளுங்கள். வளைந்த தட்டைச் சூடுகாட்டி நிமிர்த்தாதீர்கள், குமிழ்களும் சேர்ந்து உருகும்.

கேள்வி: பழையதைத் தேடி அலைவதைவிட 2022-இல் வந்த 'லயன் நைட்ஸ் காசில்' (10305) வாங்கினால் என்ன?

காட்சிக்கு என்றால் அதுதான் சிறந்தது. 4,514 துண்டுகள், 22 வீரர்கள், பழைய வீரர் அணிகளின் சின்னங்கள் எல்லாம் மெருகேறி வந்திருக்கின்றன. ஆனால் ஞாபகத்தில் இருப்பது கைக்கு அடக்கமான கோட்டை, பெரிய சுவர்ப்பலகைகளை அடுக்கினால் சீக்கிரம் எழுந்து நின்றுவிடும் கோட்டை என்றால், இது அது அல்ல. இதைக் கட்டப் பல நாள் மாலை நேரம் தேவை. பிள்ளைகளோடு விளையாடத்தான் வேண்டுமென்றால் 2021-இல் வந்த 31120 எண் செட்டை, 1,426 துண்டுகளில், ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம். வீரர்கள்தான் அதில் குறைவு.

கேள்வி: சத்திரம் செட் (6067), 'பிளாக் ஃபால்கன்' அணியின் கோட்டை (6074) இரண்டும் மறுபடி வெளிவந்தனவாமே?

ஆம். 6067 மறுபடி 10000 என்ற எண்ணில் 2001-இலும், 6074 மறுபடி 10039 என்ற எண்ணில் 2002-இலும் வந்தன. நிறம் மாறுவதற்கு முன் வந்தவை என்பதால் சாம்பல் ஒத்துப்போகும். கட்டி வைக்க இவை போதும். ஆனால் மறுபதிப்பின் வீரர்களை 1986-இன் அசல் என்று விற்பவர்கள் உண்டு. தலையைக் கழற்றி மேலுள்ள குமிழைப் பாருங்கள். 1980-களின் தலையில் குமிழ் கெட்டியாக மூடியிருக்கும், பிந்தையவற்றில் காற்று போகத் திறப்பு இருக்கும்.

கேள்வி: வீரர்களில் போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

தலையைக் கழற்றினால் கழுத்து முளையின் மேல் 'லெகோ' என்ற எழுத்து தெரிய வேண்டும். செங்கற்களில் ஒவ்வொரு குமிழிலும் இருக்கும். ஆனால் அது மட்டும் போதாது. அசல் வெற்று உடலை வாங்கி, அதன் மேல் பழைய சிங்கச் சின்னத்தை அச்சிட்டு விற்பதும் நடக்கிறது. எழுத்து அசல், படம் போலி. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தொழிற்சாலை அச்சில் நிறம் ஒரே பரப்பாக, விளிம்பு தெளிவாக இருக்கும். பிரிண்டரில் அடித்ததில் புள்ளிகள் தெரியும், நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படும். இன்னொன்று, நாற்பது வருடம் விளையாடிய வீரரின் மார்பில் சின்னம் துளியும் தேயாமல், கைமுட்டி மட்டும் தேய்ந்திருந்தால், அச்சு பிறகு வந்தது.