கிணற்று நஞ்சுக்கு இரும்பு மருந்தாகுமா? திருகோணமலை வாசகர்களுக்குப் பதில்கள்

நிலத்தடி நீரில் கலந்துவிட்ட நச்சு இரசாயனங்களை இரும்பைக் கொண்டு அகற்றுவது பற்றித் திருகோணமலை நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். இரசாயனம் கற்பித்தும் நீர் மாதிரிகளைச் சோதித்தும் வருபவன் என்ற முறையில் அவற்றுக்கு எழுத்திலேயே பதில் தருகிறேன். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவி: இரும்பு நஞ்சை உறிஞ்சுகிறதா, அழிக்கிறதா, சேர்?

இரண்டும் நடக்கின்றன, பிள்ளை. எது நடக்கும் என்பதை நஞ்சின் தன்மையே தீர்மானிக்கிறது. உலோக இரும்பு கறள் பிடிக்கும்போது இலத்திரன்களை இழக்கிறது. அந்த இலத்திரன்களை ஒட்சிசனுக்குப் பதிலாக ஒரு நச்சு மூலக்கூறு பெற்றுக்கொண்டால் அந்த மூலக்கூறு தாழ்த்தப்படுகிறது. உலோகப் பாகங்களில் படிந்த கிறீசைக் கழுவப் பயன்படும் ட்ரைக்குளோரோஎதிலீனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இரும்பு அணுக்கள் கொடுக்கும் ஆறு இலத்திரன்களால் அதிலுள்ள மூன்று குளோரின் அணுக்களும் குளோரைட்டாகப் பிரிந்து போக, எஞ்சுவது எதிலீன் வாயு. இங்கே நஞ்சு உண்மையாகவே அழிகிறது. குரோமியத்தின் கதை வேறு. தனிமம் ஒன்றை இரசாயனத் தாக்கத்தால் அழிக்க முடியாது. ஆனால் நீரில் எளிதாகக் கரைந்து ஓடும், புற்றுநோயை உண்டாக்கும் ஆறு வலுவளவுள்ள குரோமியம், மூன்று வலுவளவுக்கு இறங்கியதும் இரும்போடு சேர்ந்து ஐதரொட்சைட்டாக வீழ்படிந்து, இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

உங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில், அமிலம் சேர்த்த மிக ஐதான பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலுக்குள் இரும்புக் கம்பிநாரைப் போட்டுப் பார்த்தால், செம்மஞ்சள் நிறம் மெல்ல மங்கிப் பச்சையாவதைக் காணலாம். அமிலம் இல்லாமல், செறிந்த கரைசலில் அதையே செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. குரோமேற்று இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படையை உண்டாக்கி அதைச் செயலற்றதாக்கிவிடும். களத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதே இடைஞ்சல் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

திருகோணமலை நகரிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பொறியியலாளர்: இது ஆய்வுகூடத்துக்கு வெளியே நிரூபிக்கப்பட்டதா?

நிரூபிக்கப்பட்டது. தொடக்கமே தற்செயலானது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1980களில், கிணற்று மாதிரிகளை எடுக்கும் குழாய்களுக்கு எந்தப் பொருள் பொருத்தமானது என்று சோதித்தபோது, சில உலோகங்களோடு தொட்டிருந்த நீரில் குளோரின் சேர்ந்த கரைப்பான்களின் அளவு தானாகக் குறைவதைக் கண்டார்கள். அதை இடையூறு என்று ஒதுக்காமல், பேராசிரியர் ரொபேட் கில்லமும் அவரது குழுவினரும் பின்தொடர்ந்து சென்றார்கள். 1991இல் ஒன்ராறியோவின் போர்டன் என்ற இடத்தில், 22 வீதம் இரும்புத் துகளும் மீதி மணலுமாக நிலத்தடியில் ஒரு சுவரை அமைத்தார்கள். நீர் வழமைபோல அதனூடாக ஓடியது. ட்ரைக்குளோரோஎதிலீனில் ஏறத்தாழ 90 வீதம் நீங்கியது. பம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை.

1996இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் நகரிலுள்ள கரையோரக் காவற்படைத் தளத்தில், குரோமிய முலாமிடும் பட்டறையிலிருந்து ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மாசைத் தடுக்க 46 மீற்றர் நீளமும் 7.3 மீற்றர் ஆழமும் 0.6 மீற்றர் தடிப்பும் கொண்ட இரும்புச் சுவர் புதைக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்த மதிப்பீட்டிலும் அது குரோமியத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த சான்று இதுதான்; ஆறு மாத வெற்றியை எவரும் காட்டலாம், பதினைந்து ஆண்டுகள் என்பது வேறு.

கிண்ணியாவிலிருந்து: நனோ இரும்பு இதைவிடச் சிறந்ததா?

வேகத்தில் சிறந்தது. 100 நனோமீற்றருக்கும் குறைந்த துகள்களில் எடைக்கேற்ற மேற்பரப்பு மிகப் பெரியது என்பதால் தாக்கம் விரைவாக நடக்கும். குழாய்க்கிணறு வழியே நேரடியாக உட்செலுத்தவும் முடியும். ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுவதால் மண்ணுக்குள் அதிக தூரம் போவதில்லை, ஆயுளும் குறைவு, விலையும் அதிகம்.

சீனக்குடாவிலிருந்து: எண்ணெய்க் குதங்களுக்கு அருகே வாழ்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததுபோல இங்கே நேர்ந்தால் இரும்பு உதவுமா?

உலோக இரும்பு உதவாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெற்றோல், டீசல், அவற்றிலுள்ள பென்சீன் ஆகியவற்றில் பறிப்பதற்குக் குளோரினும் இல்லை, இலத்திரனை வாங்கும் விருப்பமும் இல்லை. அவற்றுக்கு எதிர்த்திசை வைத்தியம் தேவை, அதாவது ஒட்சியேற்றம். அங்கேயும் இரும்புக்கு ஒரு பங்கு உண்டு. 1894இல் ஃபென்ரன் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் விவரித்த தாக்கத்தில், கரைந்த இரும்பு ஐதரசன் பெரொட்சைட்டை உடைத்து, ஐதரொட்சில் என்ற மிக வீரியமான சுயாதீன மூலிகத்தைத் தோற்றுவிக்கிறது. அது எண்ணெய் மூலக்கூறுகளைச் சிதைக்கும். ஆனால் அதற்கு நீர் நன்கு அமிலமாக, அதாவது அதன் பீ.எச். அளவு மூன்றுக்கு அருகில் இருக்க வேண்டும், சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதை நிலைநிறுத்துவது கடினம்.

இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் கிணற்றில் பெரொட்சைட்டை ஊற்றிவிடக் கூடாது என்று இரந்து கேட்டுக்கொள்கிறேன். வெப்பமும் ஒட்சிசனும் ஒன்றாக வெளிவரும். மேலே எரிபொருள் ஆவி நின்றால் கிணறே வெடிக்கக்கூடும்.

நிலாவெளியிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர்: பசளையால் வந்த நைத்திரேற்றை நீக்க லேத் பட்டறைச் சீவலைக் கிணற்றில் போடலாமா, ஐயா?

போட வேண்டாம். முதலாவது, இரும்பு நைத்திரேற்றைத் தாழ்த்துவது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி அமோனியமாகவே மாறுகிறது. ஒரு மாசைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதாகிவிடும். இரண்டாவது, பட்டறைச் சீவலைக் கையில் எடுத்து விரல்களைத் தேய்த்துப் பாருங்கள், வெட்டும் எண்ணெயின் பிசுபிசுப்புத் தெரியும். அந்த எண்ணெய் முழுவதும் உங்கள் குடிநீருக்குள் போகும். மணற்பாங்கான உங்கள் நிலத்தில் மழையோடு பசளை விரைவாக இறங்கிவிடும். ஆகவே ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் தேவைக்கேற்பப் பிரித்துப் போடுவதே பலன் தரும். அதிக நைத்திரேற்றுள்ள நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

மூதூரிலிருந்து: வங்காளதேசத்தில் வீட்டு வடிகட்டியில் இரும்பு வைக்கிறார்களாமே?

அது ஆசனிக்கு என்ற நச்சுத் தனிமத்தை அகற்றுவதற்காக. இரும்பில் புதிதாக உண்டாகும் கறளின் மேற்பரப்பில் ஆசனிக்கு இறுகப் பற்றிக்கொள்கிறது. பேராசிரியர் அபுல் ஹுஸாம் வடிவமைத்த சோனோ வடிகட்டி இந்த அடிப்படையில் இயங்குகிறது. அதற்கு 2007இல் அமெரிக்காவில் 10 இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. நேபாளத்தின் கஞ்சன் வடிகட்டியில் சாதாரண இரும்பு ஆணிகளையே ஒரு தட்டில் பரப்பிவைக்கிறார்கள். ஆணிகள் கறள் பிடித்தே ஆக வேண்டும் என்பதால் நாகம் பூசிய ஆணி அங்கே பயன்படாது. நீரில் பொசுபேற்று அதிகமானால் அது ஆசனிக்கோடு இடத்துக்குப் போட்டியிட்டு, வடிகட்டியின் திறனைக் குறைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த ஆசனிக்கு வழிகாட்டி அளவு இலீற்றருக்கு 10 மைக்குரோகிராம்.

புல்மோட்டையிலிருந்து: எங்கள் கரிய மணலிலும் இரும்பு இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் உலோகமாக இல்லை. அந்த மணலிலுள்ள இல்மனைற்று என்ற கனியத்தில் இரும்பு தைத்தேனியத்தோடும் ஒட்சிசனோடும் பிணைந்து, ஏற்கெனவே இலத்திரன்களை இழந்த நிலையில் கிடக்கிறது. அதைச் சுவராகப் புதைப்பதால் பயனில்லை.

பலர்: எங்கள் கிணற்றில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிவது?

எதைத் தேடுகிறீர்கள் என்பதை ஆய்வுகூடத்துக்கு முதலில் சொல்லுங்கள். பொதுவான நீர்ச் சோதனையில் கரைப்பான்களோ குரோமியமோ அகப்படுவதில்லை. கரைப்பான், எரிபொருள் சோதனைக்குக் கண்ணாடிப் போத்தலை ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாதபடி விளிம்புவரை நிரப்பி மூடி, ஐசில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். குமிழி இருந்தால் தேடும் பொருள் அதற்குள் ஆவியாகிப் போய்விடும். உலோகங்களுக்கு ஆய்வுகூடமே தரும் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தல் போதும். நீரை எடுப்பதற்கு முன் மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். குழாயில் தேங்கிய நீர் உங்கள் கிணற்றின் நிலையைக் காட்டாது.