ஏழாம் மாதத்தில் சர்க்கரை என்கிறார்கள். குழந்தைக்கு என்ன ஆகும்?

தங்கைக்குக் குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுத்த சோதனையில் 168 வந்திருக்கிறது, குழந்தைக்கு ஊனம் வருமா, இன்சுலின் போட்டால் அது குழந்தைக்கும் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை; சேலம் அம்மாபேட்டையில் இதே சர்க்கரையோடு பிள்ளை பெற்றவள்.

இன்சுலின் போகாது. தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. தொல்லையே அங்குதான் தொடங்குகிறது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் உடலையும் வளர்க்கும். கொழுப்புச் சேர்ந்து, வயிறும் தோளும் தலையை முந்திக்கொண்டு பருக்கும். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இதனால்தான். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே இதை விளக்கிவிட்டார். நம் ஊரிலோ நாலு கிலோ என்றால் இன்றும் வாயெல்லாம் பல்.

பிறந்ததும் தொப்புள்கொடி வழியே வந்த சர்க்கரை நின்றுவிடும். குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். என் மகளின் குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்தபோது என் மாமியார் செவிலியரோடு சண்டைக்கே போய்விட்டார். அவசியமான குத்தல் அது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும் அவ்வளவு அவசியம். சில குழந்தைகளுக்கு நுரையீரல் முதிரவும் தாமதமாகும்.

ஊனத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். இதயம், தண்டுவடம் போன்றவை முதல் எட்டு வாரங்களில் உருவாகிவிடுகின்றன. கருத்தரிக்கும் முன்பே சர்க்கரை இருந்து, அது கட்டுப்படாமல் இருந்தால்தான் அவற்றில் குறை வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் தங்கைக்கு ஆரம்ப மாதச் சோதனை சரியாக இருந்திருந்தால், உறுப்புகள் உருவான பிறகு வந்த சர்க்கரை இது. அப்போது சோதிக்கவே இல்லை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, ஐந்தாம் மாத ஸ்கேனையும் காட்டுங்கள்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்பது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் கணக்கு. சிகிச்சையில் வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் கொண்டுவரப் பார்ப்பார்கள். பலருக்கு உணவும் நடையுமே போதும்.

சேலத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு லேசான உணவு என்று ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோமே, அது முழுக்க மாவுச்சத்து. சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும். குச்சிக்கிழங்கும், அதாவது மரவள்ளியும், அப்படியே. நஞ்சுக்கொடியின் சுரப்புகள் இன்சுலினை மும்முரமாக எதிர்க்கும் ஏழாம் மாதத்தில்தான் நாம் வளைகாப்பும் வைத்து இனிப்புத் தட்டுகளை அடுக்குகிறோம். வளையல் போடட்டும், தட்டுகள் வந்தவர்களுக்குப் போகட்டும். அதற்காகப் பட்டினியும் கூடாது; சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, கீரையைக் கூட்டலாம்.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பிரசவத்தோடு சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். ஆறு வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும். குழந்தைக்கு 45ஆம் நாள் ஊசி போடப் போகும்போதே தங்கைக்கும் அதை முடித்துவிடுங்கள்.